குற்றம் செய்தவரைக் குறை சொல்லக் கூடாது என்றால் வள்ளலைப் புகழலாமா?

கோட்டையூர்வாசி:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் கேள்வி. இங்கே வக்கீல்கள், மருத்துவம் படிப்பவர்கள், கடை நடத்துபவர்கள் என்று எல்லாரும் இருப்பதால் கொட்டிவிடுகிறேன். யாராவது என்னோடு மல்லுக்கு நில்லுங்கள்.

ஒருவன் திருடுகிறான். ஏன் என்று கேட்டால் அவன் புத்தி அப்படி என்கிறோம். அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? பெற்றவர்கள் கொடுத்த உடம்பு, வளர்ந்த வீடு, சேர்ந்த கூட்டம், அன்று காலையில் வயிற்றில் ஏதாவது இருந்ததா இல்லையா, இவ்வளவும் சேர்ந்து ஆக்கிய மூளை. இதில் ஒன்றையும் அவன் கேட்டு வாங்கவில்லை. அந்த மூளை அந்த நொடியில் என்ன செய்யுமோ அதைத்தான் செய்தது. பிறகு "நீ வேறு மாதிரி நடந்திருக்கலாமே" என்று அவனைத் திட்டுவதற்கு என்ன அர்த்தம் இருக்கிறது? அடைத்துவைப்பது வேறு விஷயம், மற்றவர்களைக் காப்பாற்ற அது தேவைப்படலாம். ஆனால் "உனக்கு இது வேண்டும்" என்ற மனநிலையோடு தண்டிக்க நியாயம் எங்கே?

இதுவரை சொன்னால் நிறையப் பேர் தலையாட்டுகிறார்கள். அடுத்த படிக்குப் போனால்தான் சண்டை வருகிறது. அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகம் நம் ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தவர். ஐம்பது வயதைத் தொடாமலே போய்விட்டார். திருடனுக்குச் சொன்ன அதே வாதத்தை இவருக்கும் சொல்லிப் பாருங்கள். கொடுக்கும் மனதும் அவர் கேட்டு வாங்கியது இல்லையே. அந்த மூளை அதைத்தான் செய்திருக்கும். அப்படியானால் நன்றி சொல்வதும் சிலைக்கு மாலை போடுவதும் எதற்கு? இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு போட வேண்டும், அல்லது இரண்டு பேருக்கும் போடக் கூடாது. எனக்கு முதலாவது அறிவுக்குச் சரி, மனசுக்கு ஒப்பவில்லை.

நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை எடுத்துவிடுகிறது என்று லிபெட் என்ற நரம்பியல் அறிஞரின் சோதனை காட்டிவிட்டதாகவும் படித்தேன்.

பள்ளத்தூர்ப்பெண்:

வணக்கம் அண்ணே. நரம்பியலில் மேற்படிப்பு படிக்கிறேன். உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் லிபெட் பெயரைச் சொன்னதும் வழக்கு முடிந்தது என்று எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

1983ல் வெளிவந்த சோதனை அது. ஆட்களை உட்காரவைத்து "எப்போது தோன்றுகிறதோ அப்போது மணிக்கட்டை அசையுங்கள்" என்றார்கள். எதிரே ஒரு கடிகார முகத்தில் ஒளிப்புள்ளி வேகமாகச் சுற்றும். அசைக்கலாம் என்ற எண்ணம் வந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று அவர்கள் பிறகு சொல்ல வேண்டும். அசைவுக்குச் சுமார் 550 மில்லிநொடிக்கு முன்பே மூளையில் ஒரு மின் ஏற்றம் தொடங்கியிருந்தது. எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னதோ சுமார் 200 மில்லிநொடிக்கு முன்பு. இடையில் இருக்கும் 350 மில்லிநொடியை வைத்துத்தான் இவ்வளவு பேச்சும். லிபெட் அப்படி முடிக்கவில்லை. கடைசி நேரத்தில் "வேண்டாம்" என்று நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு விழிப்பு மனதுக்கு இருக்கிறது என்றே சொன்னார்.

அப்புறம் 2012ல் ஆரோன் ஷர்கரும் அவருடன் இருந்தவர்களும் அந்த மின் ஏற்றத்துக்கே வேறு விளக்கம் கொடுத்தார்கள். மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் இரைச்சல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. காரணமே கொடுக்காமல் "எப்போதாவது அசை" என்றால், அந்த இரைச்சல் தற்செயலாக ஒரு வரம்பைத் தொடும்போது கை அசைகிறது. அசைந்த நேரத்திலிருந்து பின்னோக்கிச் சராசரி எடுத்தால் அது படிப்படியாக ஏறிவந்த மாதிரித்தான் தெரியும். முன்கூட்டியே எடுத்த முடிவு என்று அதைப் படிக்கத் தேவையில்லை. 2008ல் ஜெர்மனியில் செய்த ஸ்கேன் சோதனையையும் சொல்வார்கள்: இடது பட்டனா வலது பட்டனா என்று 10 நொடி வரை முன்பே கணித்தார்கள் என்று. கணிப்பு சரியாக வந்தது சுமார் 60 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும்.

எனக்கு இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்தச் சோதனைகளில் எதிலும் ஒருவருக்கும் எந்தக் காரணமும் இல்லை. எந்த விரல், எந்த நொடி என்பதில் என்ன போயிற்று? நிலத்தைக் கொடுக்கலாமா, பிள்ளைகளுக்கு வைக்கலாமா என்று ஒருவர் நாள்கணக்கில் யோசித்து, நாலு பேரைக் கேட்டு, மனம் மாறி, மறுபடி மாறி எடுக்கும் முடிவோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் உங்கள் அடிப்படை வாதம் இதனால் விழுந்துவிடவில்லை. யோசிப்பதும் மூளைதான், அதற்கும் காரணங்கள் உண்டு. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

மடத்துப்பிள்ளை:

கோவிலூர் மடத்தில் கொஞ்சம் பாடம் கேட்டவன். நம் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். சேர்த்துவைத்த வினை சஞ்சிதம், அதில் இந்தப் பிறவிக்கு அனுபவிக்க வந்தது பிராரத்துவம், இப்போது புதிதாகச் செய்வது ஆகாமியம். வந்து சேர்ந்ததை மாற்ற முடியாது, புதிதாகச் செய்வது நம் கையில். பழிக்கும் புகழுக்கும் இடம் அங்கேதான்.

கோட்டையூர்வாசி:

பிள்ளை, மரியாதையோடுதான் கேட்கிறேன். ஆகாமியம் செய்யும் அந்தக் கை யாருடையது? ஒருவன் நல்லது செய்யத் துணிகிறான், இன்னொருவன் துணியவில்லை. அந்தத் துணிவு பழைய வாசனையால், அதாவது முன்வினை விட்டுப்போன பழக்கத்தால், வந்தது என்றால் அதுவும் கட்டுண்டது. எதனாலும் வரவில்லை, சும்மா வந்தது என்றால் அது அவனுடையது என்று எப்படிச் சொல்வது? இரண்டு பக்கமும் முட்டுகிறது.

மடத்துப்பிள்ளை:

முட்டுகிறது, மறுக்கவில்லை. ஒன்று மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பது வேறு, என்ன செய்தாலும் நடப்பதுதான் நடக்கும் என்பது வேறு. மணிமேகலையில் சமயவாதிகளோடு பேசும் இடத்தில் வரும் ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தார் இரண்டாவதற்குப் பக்கத்தில் நிற்பவர்கள். அவர்களுடைய மற்கலி, முயற்சியால் ஆவது ஒன்றும் இல்லை, எல்லாம் நியதி என்றவர். ஆனால் முதலாவதை ஏற்றுக்கொண்டால் முயற்சியும் ஒரு காரணமாகிவிடுகிறது. மருந்து சாப்பிட்டதால் காய்ச்சல் விட்டது என்றால், "விட வேண்டியது எப்படியும் விட்டிருக்கும்" என்று சொல்ல முடியாது. குறளில் ஊழைவிடப் பெருவலி எது என்று ஓர் இடத்தில் கேட்டுவிட்டு, தளராமல் முயல்பவர் ஊழையும் புறமுதுகு காண்பார் என்று இன்னோர் இடத்தில் வருவதை முரண் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கல்லுக்கட்டிக்கடை:

நான் படித்தவன் இல்லை, பலசரக்குக் கடை. இந்த இழையை முழுக்கப் படித்தேன். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கடையில் எலி வந்து அரிசி மூட்டையைக் கடித்துவிட்டுப் போகிறது. நஷ்டம்தான், பொறி வைக்கிறேன். எலி மேல் எனக்கு வருத்தம் கிடையாது. போன வாரம் தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் சோப்பும் செல்போன் சார்ஜரும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்து "வரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான். கேமராவில் பார்த்தபோது பொருள் போனதைவிட அந்த "வரேன் அண்ணாச்சி"தான் நெஞ்சில் தைத்தது. அந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது? அவனை நான் ஒரு ஆளாக மதித்ததால் வருகிறது. "பாவம், அவன் மூளை அப்படி, அவன் என்ன செய்வான்" என்று நான் விட்டுவிட்டால் அது கருணை மாதிரித் தெரியும், ஆனால் அவனை எலியோடு சேர்த்துவிட்டேன் என்றுதான் அர்த்தம். அவன் முன்னால் நிற்க வைத்து "ஏன்டா இப்படிச் செய்தாய்" என்று கேட்டால்தான் அவனுக்கு மரியாதை. கோபப்படுவதுகூட ஒரு மரியாதைதான் என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்ப்பெண்:

தப்பே இல்லை அண்ணாச்சி. 1962ல் பீட்டர் ஸ்ட்ராசன் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். கோபம், நன்றி, மனத்தாங்கல் இவையெல்லாம் ஒருவரை உறவுக்குள் வைத்திருப்பதன் அடையாளம், உலகம் காரண காரியத்தால் இயங்குகிறது என்று தெரிந்துகொண்டதற்காக இவற்றை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட மனிதரால் முடியாது, முடிந்தாலும் மிஞ்சும் வாழ்க்கை மனித வாழ்க்கையாக இருக்காது என்றார்.

கோட்டையூர்வாசி:

முடியாது என்பது நியாயம் ஆகுமா? பழிவாங்குவதையும் விட முடியாது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள்.

பூங்குன்றத்தான்:

மகிபாலன்பட்டிக்காரன். எங்கள் ஊர்தான் பழைய பூங்குன்றம். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்ததும் இங்கேதான், ஆனால் அவருக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே ஊர்க்காரரான கணியன் பூங்குன்றனார் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதிவைத்திருக்கிறார். "யாதும் ஊரே" என்ற முதல் வரியை வளைவுகளில் எழுதி, மேடைகளில் சொல்லி, அதோடு நின்றுவிடுகிறோம். புறநானூறு 192ஆம் பாட்டை முழுக்கப் படித்தால் அது ஒரு வாதம் என்று தெரியும். ஒவ்வொரு வரியும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு போகிறது.

மலையில் பெய்த மழை, கல்லில் மோதி இரைந்து வரும் பேராறு. அதில் போகிற புணையை, அதாவது தெப்பத்தை, போல உயிர் முறைவழியே போகிறது என்று அறிவுடைய திறவோர் காட்சியால் தெளிந்தோம், ஆகவே "மாட்சியின் பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே". கோட்டையூர் அண்ணன் நேற்று யோசித்ததை அவர் அப்போதே யோசித்து அதே முடிவுக்கு வந்திருக்கிறார்: எல்லாம் ஓட்டத்தில் போகிறது என்றால் பெரியவரை வியக்கவும் கூடாது, சிறியவரை இகழவும் கூடாது.

ஆனால் இரண்டையும் அவர் ஒரே தராசில் வைக்கவில்லை. வியப்பதில்லை என்கிறார், இகழ்வது அதைவிடவும் இல்லை என்கிறார். ஏன் என்று எனக்குத் தோன்றுவது இது: தகுதி இல்லாத ஒருவரை நாம் வியந்துவிட்டால் கொஞ்சம் கைதட்டல் வீணாகும். தகுதி இல்லாமல் ஒருவரை இகழ்ந்தால் ஒரு ஆள் அழிந்துபோவார். தவறு எந்தப் பக்கம் நேர்ந்தால் சேதம் அதிகமோ அந்தப் பக்கம் கூடுதல் கவனம்.

இன்னொன்று. இதே பாட்டின் ஆரம்பத்தில் "தீதும் நன்றும் பிறர்தர வாரா" என்றும் இருக்கிறது. எனக்கு வந்த தீமையை நீ தந்தாய் என்று சொல்லாதே என்கிறவர், கடைசியில் உயிர் ஓட்டத்தில் போகும் புணை என்கிறார். ஒரே ஆள், ஒரே பாட்டு. நான் இதை இப்படி வாங்கிக்கொள்கிறேன்: என்னைப் பற்றிப் பேசும்போது பொறுப்பை யார் தலையிலும் கட்ட எனக்கு உரிமை இல்லை. அடுத்தவனைப் பற்றிப் பேசும்போது அவன் எந்த வெள்ளத்தில் வந்தான் என்று பார்க்காமல் பேச எனக்கு உரிமை இல்லை. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம் தப்புக்குச் சூழ்நிலை, அவன் தப்புக்கு அவன் குணம்.

முத்துப்பட்டணம் ஆச்சி:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, வாழ்நாள் முழுக்க ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதியவர். ராத்திரி இருப்பு பார்க்கும்போது நாலணா இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார், ஆத்தா (அம்மா) சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பார்கள். முதலாளி மறந்து கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர். கொஞ்ச காலமாக ஆள் மாறிப்போனார். வீட்டுக்கு வந்தவர்கள் முகத்துக்கு நேரே கண்டபடி பேசுவார். ஆத்தாவுக்கு உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இனிப்பு என்றால் விடமாட்டார். கடைத்தெருவுக்குப் போனால் கல்கண்டு, கடலை மிட்டாய் என்று எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு காசு கொடுக்காமல் வந்துவிடுகிறார். முதலில் பார்த்த டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினார். பிறகு மதுரையில் ஸ்கேன் எடுத்தபோதுதான் மூளையின் முன்பகுதி சுருங்கியிருப்பது தெரிந்தது.

ஒரு நாள் கல்கண்டை மென்றுகொண்டிருந்தவரிடம் "அப்பச்சி, காசு கொடுக்காமல் எடுக்கலாமா?" என்று கேட்டேன். தெளிவாகச் சொன்னார், "கூடாது. தப்பு." சொல்லிவிட்டு அடுத்த துண்டை வாயில் போட்டார். எனக்கு அழுகையே வரவில்லை, திகைப்பாக இருந்தது. தெரியாமல் செய்தால் மறந்துவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தெரிந்தே செய்கிறார்.

ஊரில் ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது: "இவ்வளவு நாள் நல்லவர் வேஷம் போட்டிருப்பார் போல." அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது என் கேள்வி. அந்த நேர்மை மூளையின் ஒரு பகுதியில் இருந்தது, அது சுருங்கியதும் போய்விட்டது என்றால், முன்பு இருந்த நேர்மைக்கு நாங்கள் பெருமைப்பட்டது எதற்கு?

பள்ளத்தூர்ப்பெண்:

ஆச்சி, நீங்கள் சொல்வது எல்லாம் ஃப்ரன்டோடெம்பரல் டிமென்ஷியா என்ற நோயில், குறிப்பாக நடத்தையைத் தாக்கும் வகையில், பார்ப்பவை. மறதி நோய் என்று எல்லாரும் நினைக்கும் அல்ஸைமர் வேறு. இதில் ஞாபகம் ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கும், கணக்குக்கூடப் போடுவார்கள். பரிவு, கூச்சம், அடக்கம் இவைதான் முதலில் போகும். இனிப்பு மேல் தீராத ஆசையும் இந்த நோயின் பாடப்புத்தக அறிகுறி. பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில் தொடங்குவதால் நோய் என்றே யாருக்கும் தோன்றாது, மனநலப் பிரச்சினை என்று முதலில் தவறாகப் போவது எங்கும் நடக்கிறது. அமெரிக்காவில் 2015ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த வகை நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் திருட்டு, போக்குவரத்து மீறல் போன்று சட்டத்தைத் தொடும் ஏதோ ஒன்றைச் செய்திருந்தார்கள். அல்ஸைமர் நோயாளிகளில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தப்பு என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்வதும் மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கும் விஷயம்தான். அறிவு இருக்கிறது, அது கையைப் பிடித்து நிறுத்துவதில்லை.

வேஷம் என்று சொன்னவரிடம் இதைச் சொல்லுங்கள். முன்பு இருந்ததும் நிஜம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 1848ல் அமெரிக்காவில் ரயில் பாதை வேலையில் இரும்புக்கம்பி மண்டையைத் துளைத்துப்போன பினியாஸ் கேஜ் என்பவரை எடுத்துக்காட்டி, முன்மூளை போனால் ஒழுக்கமே போய்விடும் என்று கதை சொல்வார்கள். அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டில் பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் பயணிகளோடு பழகி, நேரம் தவறாமல் செய்ய வேண்டிய வேலை அது. மூளைக்கும் குணத்துக்கும் உள்ள கணக்கு அவ்வளவு எளிதில்லை.

தேவகோட்டை வக்கீல்:

ஆச்சி சொன்ன அந்த "கூடாது, தப்பு" சட்டத்துக்குப் பெரிய இடைஞ்சல். ஏன் என்று சொல்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 22. பழைய தண்டனைச் சட்டத்தில் இது 84. மனநிலைக் கோளாறால், தான் செய்யும் செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டத்துக்கு விரோதம் என்பதையோ அறிய இயலாத நிலையில் ஒருவர் செய்தது குற்றம் இல்லை. 1843ல் இங்கிலாந்தில் மக்நாட்டன் என்பவர் வழக்குக்குப் பிறகு எழுதிய விதியிலிருந்து வந்தது இது. கேள்வி முழுக்க அறிவைப் பற்றியது: தெரிந்ததா, தெரியவில்லையா? தெரிந்தும் அடக்க முடியவில்லை என்பதை இந்தியச் சட்டம் தனி விலக்காக ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அப்பச்சியின் வியாதிக்காரர்கள் சட்டத்தின் கண்ணில் படாமல் இடுக்கில் விழுந்துவிடுகிறார்கள்.

நடைமுறையில் பயப்பட வேண்டாம். திருட்டு என்றால் நேர்மையற்ற நோக்கம் நிரூபணம் ஆக வேண்டும், ஸ்கேனும் டாக்டர் சான்றிதழும் அங்கே பேசும். 1964லேயே உச்ச நீதிமன்றம், மனநிலைக் கோளாறைச் சொல்லும் குற்றம் சாட்டப்பட்டவர் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை என்று தெளிவாக்கிவிட்டது. 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் முறை, திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் இப்போது தண்டனையே சமூக சேவைதான். இருந்தாலும் போகும் கடைகளில் முன்கூட்டியே சொல்லி மாதக் கணக்கு வைத்துவிடுங்கள். சான்றிதழின் நகல் ஒன்று அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.

கோட்டையூர்வாசி:

வக்கீல் சார், இப்போது நான் பிடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அப்பச்சிக்கு மன்னிப்பு என்று எல்லாரும் ஒத்துக்கொள்வோம். ஏன்? ஸ்கேனில் தெரிகிறது. 1966ல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தில் ஏறிக் கண்டபடி சுட்டவன், என் மூளையை அறுத்துப் பாருங்கள் என்று எழுதிவைத்திருந்தான், பார்த்தபோது கட்டி இருந்தது. கட்டி தெரிந்ததும் நம் கோபம் கொஞ்சம் தளர்கிறது. அண்ணாச்சி கடையில் சார்ஜர் எடுத்த பையனுக்கு ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அவன் மூளையும் எதனாலோதான் அப்படி ஆனது. குடிகார அப்பன், அடி, பசி, எதுவாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரிந்த காரணம் மன்னிக்கும், தெரியாத காரணம் மன்னிக்காது என்றால் நம் நியாயம் கருவியின் கூர்மையைப் பொறுத்தது என்று ஆகிறது. இன்னும் ஐம்பது வருஷத்தில் நல்ல கருவி வந்தால் அந்தப் பையனும் குற்றமற்றவனா?

பள்ளத்தூர்ப்பெண்:

அண்ணே, காரணம் இருப்பதால் யாரையும் மன்னிப்பதில்லை. காரணம் எல்லாவற்றுக்கும்தான் இருக்கிறது, நீங்கள் இப்போது சரியாக வாதாடுவதற்கும் இருக்கிறது. எந்தத் திறன் போயிற்று என்பதால்தான் மன்னிக்கிறோம். ஒரு நியாயத்தைச் சொன்னால் அது உள்ளே போய் நடத்தையை மாற்றும் திறன். அப்பச்சியிடம் ஆச்சி நியாயம் சொன்னார்கள், அவர் புரிந்துகொண்டார், ஒத்துக்கொண்டார், அது கை வரைக்கும் போகவில்லை. அந்த வழி அறுந்துவிட்டது. பையனிடம் அண்ணாச்சி நியாயம் கேட்டால்? அண்ணாச்சி, கேட்டீர்களா?

கல்லுக்கட்டிக்கடை:

கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சார்ஜரைக் கொண்டுவந்து வைத்தான், சோப்பு தீர்ந்துவிட்டது என்றான். இப்போது கடைப்பக்கம் வரும்போது எதிர்ச்சாரியில் போகிறான்.

பள்ளத்தூர்ப்பெண்:

இதுதான். அவன் வெட்கப்படுகிறான், வழி மாறிப் போகிறான். அந்தத் திறன் இருக்கிறது. எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் அவனிடம் அது இல்லை என்று காட்டாது, இருக்கிறது என்றுதான் காட்டும்.

ரங்கூன்பேரன்:

இடையில் வருகிறேன். திறன் இருந்ததா என்று மட்டும் பார்த்தால் போதுமா? என்ன விளைந்தது என்பதும் நம் தீர்ப்பில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அது யார் கையிலும் இல்லை.

எங்கள் வீட்டுத் தூண்கள் பர்மா தேக்கு. ஐயா (தாத்தா) காலத்தில் அங்கே பெட்டியடி, அதாவது வட்டிக்கடை, இருந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டிநாட்டார் கையில் இருந்த நிலம் 1930ல் சுமார் 6 சதவீதம், 1938ல் 25 சதவீதம். இடையில் நடந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, ஈட்டுப் பத்திரத்தில் (அடமானத்தில்) இருந்த நிலம் வந்து சேர்ந்தது. நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை இவர்கள், பணம் திரும்பி வரவேண்டும் என்று இருந்தவர்கள். 1919ல் கொடுத்த கடனும் 1929ல் கொடுத்த கடனும் ஒரே வகைப் பத்திரம், ஒரே பெட்டியடி, அதே ஆள். முன்னது காடு திருத்தி வயல் ஆக்க முதல் போட்ட பெருமை. பின்னது உழவன் நிலத்தை எடுத்துக்கொண்ட பழி. ஆள் செய்ததில் வித்தியாசம் இல்லை, விலையில்தான் வித்தியாசம்.

1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இருவர் இதை ஒரு தனிக் கேள்வியாகவே எழுப்பினார்கள், நம் அறநிலை எவ்வளவு தூரம் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது என்று. வக்கீல் சாருக்குத் தெரியும், சுட்டது குறி தவறினால் ஒரு பிரிவு, பட்டுச் செத்தால் வேறு பிரிவு. சுட்டவன் மனதில் ஒரே எண்ணம்தான்.

நான் எங்கே நிற்கிறேன் என்றால், ஐயாவைக் கொடுமைக்காரர் என்று யாராவது சொன்னால் மறுப்பேன். ஆனால் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு "எங்களுக்கு இதில் சம்பந்தமே இல்லை" என்றும் சொல்ல மாட்டேன். நிலம் இழந்தவன் பேரன் எங்காவது இருந்தால் அவன் கேட்கும் கேள்விக்கு நான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். குற்றவாளியாக இல்லாமலே பதில் சொல்லக் கடமைப்படலாம் என்று நினைக்கிறேன்.

பூங்குன்றத்தான்:

ரங்கூன்பேரன் கடைசியில் சொன்னதுதான் நான் பாட்டில் பார்த்தது. உங்கள் ஐயாவை நாங்கள் இகழக் கூடாது. ஆனால் நீங்கள் உங்களைப் பற்றிப் பேசும்போது "பிறர் தந்தது" என்று தப்பித்துக்கொள்ளவில்லை.

கோட்டையூர்வாசி:

எல்லாரும் நன்றாகச் சொன்னீர்கள், ஆனாலும் எனக்கு ஒன்று மிச்சம் நிற்கிறது. நியாயத்துக்குச் செவிசாய்க்கும் திறன் இருப்பவனைக் கேள்வி கேட்கலாம், புகழவும் செய்யலாம், சரி, ஏற்றுக்கொள்கிறேன். கொடுத்தவர் ஒரு காரணத்தைக் கேட்டு அதற்கு இணங்கினார் என்பதால் நன்றி சொல்கிறோம், அதுவும் சரி. ஆனால் அந்தத் திறன் சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். அப்பச்சிக்கு வழி அறுந்தது, அந்தப் பையனுக்கு வழி குறுகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் உண்டா இல்லையா என்று மட்டும்தானே கேட்கிறது?

தேவகோட்டை வக்கீல்:

குற்றமா இல்லையா என்ற இடத்தில் அப்படித்தான். தண்டனை அளவு என்ற இடத்தில் அப்படி இல்லை. 1980ல் பச்சன் சிங் வழக்கில் மரண தண்டனையைத் தவிர்க்க எடுத்துக்கொள்ளத்தக்க சூழ்நிலைகளில், மனநிலைக் குறைவால் தன் செயலின் குற்றத்தன்மையை உணரும் திறன் குறைந்திருந்ததா என்பதும் இடம்பெற்றது. 2022ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலை, வளர்ந்த சூழல் பற்றிய அறிக்கையை விசாரணை நீதிமன்றக் கட்டத்திலேயே வாங்கிப் பார்க்க வேண்டும் என்றது. குடும்பம், படிப்பு, வறுமை எல்லாம் அதில் வரும். சாதாரண அடிதடி, திருட்டு வழக்குகளில் யாரும் இவ்வளவு பொறுமையாகப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். உயிர் போகும் என்றால்தான் ஒருவனின் கதையைக் கேட்கிறோம்.

முத்துப்பட்டணம் ஆச்சி:

பழியில் அளவு உண்டு என்றால் புகழிலும் உண்டுதானே? இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்பச்சிக்கு நேர்மை கஷ்டமாக இருந்ததே இல்லை. அடுத்தவர் காசு மேல் அவருக்கு ஆசை வந்து அதை அடக்கியதாக எனக்குத் தோன்றவில்லை, அவர் பிறப்பு அப்படி. எங்கள் ஆத்தா வேறு. முன்கோபக்காரி, பொறுமை என்பதே கிடையாது, சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் பயப்படுவோம். அந்த ஆத்தாதான் இப்போது தினமும் சாயங்காலம் கடை கடையாகப் போய் "இன்றைக்கு எதுவும் எடுத்தாரா" என்று கேட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். வீட்டில் அவர் வைகிறபோது உதட்டைக் கடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய் நின்றுவிட்டு வருவதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர்கள் அதை ஜெயிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் இன்றைக்கும் அப்பச்சியின் பழைய நேர்மையைத்தான் பேசுகிறார்கள், ஆத்தாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கேட்டால் ஆத்தாவுக்குத்தான் கூடுதல்.

கோட்டையூர்வாசி:

ஆச்சி, ஆத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் "கூடுதல்" என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆசையே எழாத நேர்மையைவிட ஆசையை அடக்கிய நேர்மை பெரியது என்றால், திருட்டு எண்ணம் அடிக்கடி வந்து அதை அடக்கும் கணக்கப்பிள்ளை, அது வரவே வராத கணக்கப்பிள்ளையைவிட நல்லவர் என்று ஆகிவிடும். நான் கடை வைத்தால் வராதவரைத்தான் வேலைக்கு வைப்பேன். யாரை நம்புவது, யாரை மெச்சுவது என்பது இரண்டு கேள்வியாக இருக்கலாம். அண்ணாச்சி, பெட்டியில் ஆள் வைக்கிறவர் நீங்கள்தான், என்ன சொல்கிறீர்கள்?

கல்லுக்கட்டிக்கடை:

இரண்டு கேள்விதான். பெட்டியில் அப்பச்சி மாதிரி ஆளை உட்கார வைப்பேன். எனக்கு ஒரு கஷ்டம் வந்து கூட நிற்க ஆள் வேண்டும் என்றால் ஆத்தாவைத்தான் கூப்பிடுவேன்.